விரல் மட்டும்தான் போகும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் மனைவி வாசித்த பாட்டு ஒன்று, அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு எங்களிடம் இருந்தவை ஒரு பழைய கீபோர்டு, மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர், இரண்டையும் இணைக்க நான் வாங்கி வந்த ஒயர். பாட்டு மட்டும் இல்லை.

காப்பகத்தில் அவளுக்குத் தரை துடைக்கிற வேலை. பதினொரு வருடமாகத் துடைக்கிறாள். மதியம் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் ஹாலில் மூலையோரமாக ஒரு கீபோர்டு கிடந்திருக்கிறது. ஒரு நாள் பக்கெட்டை வைத்துவிட்டு ஒற்றை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள். தூங்க மாட்டேன் என்று ஹாலையே இரண்டாக்கிக்கொண்டிருந்த ஒரு வாண்டு, வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டது. மறுநாளும் தட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு விரல் இரண்டு விரலாகி, ஒரு கை இரண்டு கையாகி, மூன்று வருடத்தில் அவளே கட்டிய மெட்டு ஒன்று வந்துவிட்டது. அதற்குப் பேர் கிடையாது, வார்த்தையும் கிடையாது. நாங்கள் அதைத் 'தூங்குற பாட்டு' என்போம்.

பிறகு அந்தக் கீபோர்டின் ஸ்பீக்கர் கிழிந்தது. காப்பகத்தில் போனிலேயே பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். குப்பைக்குப் போக இருந்ததை இவள் கேட்டு வாங்கினாள், நான் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். மூட்டை தூக்குகிறவனுக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் அந்த நீளத்துக்குத் தெருவில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் எனக்கு வழி விட்டார்கள். அப்படி மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

போன மாதம் காப்பகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பிள்ளைகளுக்கு வாசிக்க ஓர் ஆள் வேண்டும், தினம் மூன்று மணி நேரம். வாசித்ததைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து மூன்று பேர் கேட்பார்கள். அவர்களுக்குப் பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான். காப்பகத்து மேடம் இவள் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, "நீயும் அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"நம்பர் போட்டுக் கேக்கிறதுதாங்க எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் என்னிடம். "நேர்ல போய் உக்காந்தேன்னு வைங்க, கீபோர்டுக்குத் தூசி தட்ட வந்திருக்கான்னு நினைப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னாள். சரி, இது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

முதலில் போனை வைத்துப் பதிவு செய்து பார்த்தோம். கிழிந்த ஸ்பீக்கர் தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிய மாதிரி கரகரத்தது. பக்கத்து வீட்டில் சுவரில் ஓட்டை போட்டார்கள். அதெல்லாம் அடங்கிய நேரத்தில் நான் இருமினேன். குடோன் தூசி என் நெஞ்சில் குடியிருக்கிறது, வாடகையும் கொடுப்பதில்லை, காலியும் செய்வதில்லை. ஹெட்போன் மாட்டும் ஓட்டை வழியாக எடுக்கலாம் என்றால், அதற்குள் யாரோ உடைத்துவிட்ட முனை ஒன்று சிக்கிக் கிடந்தது.

எங்கள் மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறாள். அவள்தான் போனில் வழி சொன்னாள்.

"பின்னாடி வட்டமா ரெண்டு ஓட்டை இருக்காப்பா? ஒவ்வொண்ணுக்குள்ளயும் அஞ்சு சின்ன ஓட்டை?"

"இருக்குடா குட்டி."

"அதுக்கு மிடி ஒயர்னு ஒண்ணு இருக்கு. வாங்கிடுங்க. அதுல சத்தமே போகாது. எந்தக் கட்டையை அமுக்கறாங்க, எவ்வளவு பலமா, எவ்வளவு நேரம், அது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். சத்தத்தை அது தன்கிட்ட இருக்கிற பியானோல போட்டுக்கும். ஸ்பீக்கர் கிழிஞ்சா என்ன, நீங்க இருமினா என்ன."

"சத்தம் போகலைன்னா வேற என்னதான் போகுது?"

"விரல். அம்மாவோட விரல் மட்டும்தான் போகும்."

சனிக்கிழமை வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். பேர் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் அந்த இரண்டு வட்டத்தையும் பத்து ஓட்டையையும் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னண்ணே, பன்னி மூக்கா?" என்று கேட்டுக்கொண்டே சரியான ஒயரைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஒயர் என் இலாகா என்று பேசி வைத்திருந்தோம். ஞாயிறு காலை மேஜைக்குப் பின்னால் புகுந்தேன். ஒயரின் ஒரு முனை தட்டை, அது கம்ப்யூட்டரில் போனது. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. மறு முனையில் இரண்டு வால். ஒரு வாலின் தலையில் 'இன்' என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 'அவுட்'. கீபோர்டின் முதுகிலும் ஓர் ஓட்டைக்கு மேல் 'இன்', பக்கத்து ஓட்டைக்கு மேல் 'அவுட்'.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் எழுத்துப் படித்தது நாற்பத்து மூன்று வயதில், மகள் படித்து முடித்த ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களில். அதற்கு முன்னால் பெட்டிகளை அவற்றின் மேல் இருக்கிற படத்தைப் பார்த்து அடுக்குவேன். குடை படம் போட்ட பெட்டியைக் குடை வியாபாரிக்கு என்று தனியாக எடுத்து வைத்தவன் நான். நனையக் கூடாது என்பதற்குப் போட்ட படமாம் அது. படிக்கத் தெரிந்த பிறகு அந்த வம்பெல்லாம் இல்லை. எழுதியிருந்தால் எழுதியபடி. குடோனில் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள், அதில் பாதி கிண்டல்.

'இன்' வாலை 'இன்' ஓட்டையில் செருகினேன். 'அவுட்' வாலை 'அவுட்' ஓட்டையில். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆடாமல் இருக்கட்டும் என்று குடோனில் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பால் மூன்று சுற்று சுற்றினேன், தூரத்து ஊருக்குப் போகிற சரக்குக்குச் சுற்றுகிற மாதிரி.

"பாட்டு எடுக்கப் போறோமா, பார்சல் அனுப்பப் போறோமா?" என்றாள் அவள்.

"பார்சல்தான். உன் விரலை அனுப்பப் போறோம்."

மகள் சொன்னபடி கம்ப்யூட்டரில் சிவப்பு வட்டத்தை அமுக்கினேன். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. "ம்" என்றேன். அவள் வாசித்தாள். ஈ கரகரத்தது, பாட்டு ஓடியது. திரையில் கோடு நகர்ந்துகொண்டே போனது. அதன் பின்னால் ஒன்றுமே விழவில்லை. காலித் தரையில் துடைப்பம் போட்டுக்கொண்டு போகிற மாதிரி.

மகளுக்குப் போன் செய்தோம்.

"கம்ப்யூட்டர்ல ஒயர் பேரு காட்டுதா?"

"காட்டுது."

"ஒயரை சரியா மாட்டினீங்களாப்பா?"

"எழுதியிருக்கிற மாதிரியே மாட்டினேன்டா."

"அப்ப கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு," என்றாள். அப்பாவின் வார்த்தையை அவள் சந்தேகப்படவில்லை. அந்த ஒரு மரியாதையால் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் போனது. நிறுத்திப் போட்டோம், ஏதோ ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினோம், மறுபடி நிறுத்திப் போட்டோம். பன்னிரண்டு மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "மூணரைக்குத்தான் வர முடியும்பா. அம்மாவை டென்ஷன் ஆக வேண்டாம்னு சொல்லுங்க."

அதை நான் சொல்வதற்கு முன்பே இவள் பக்கெட்டை எடுத்துவிட்டாள். என் மனைவிக்குக் கவலை வந்தால் தரை துடைப்பாள். மகள் பத்தாவது பரீட்சை எழுதிய அன்று எங்கள் வீட்டில் கால் வைக்க முடியவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு," என்றேன்.

"நேரம் இருக்கு. பாட்டுதான் இல்ல." துணியைப் பிழிந்தாள். "விடுங்க. தொடைக்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம்."

பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. மறுபடியும் மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தேன். தரை ஈரமாக இருந்தது, முதுகு நனைந்தது, பரவாயில்லை என்று கிடந்தேன். அந்தச் சின்னப் பெட்டியின் விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் யோசித்தேன். சரக்கு எங்கேயிருந்து கிளம்புகிறது, எங்கே போய் இறங்க வேண்டும்? சரக்கு அவள் விரல். ஏறுகிற இடம் கீபோர்டு. இறங்குகிற இடம் கம்ப்யூட்டர்.

அப்போது ஒரு லாரி டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். நான் படிக்கக் கற்றுக்கொண்ட புதிதில் அவரோடு ஒரு பெரிய சண்டை போட்டேன். ஒரே மூட்டை. எங்கள் சீட்டில் 'இன்' என்று இருக்கிறது, அவர் சீட்டில் 'அவுட்' என்று இருக்கிறது. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நான் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, என் லாரியை விட்டு வெளிய வந்துச்சு. உங்க குடோனுக்குள்ள போச்சு. அவனவன் வாசல்ல நின்னு அவனவன் எழுதறான்." குடோனே சிரித்தது. வாத்தியார் பட்டம் எனக்குக் கிடைத்தது அன்றுதான்.

அவனவன் வாசல். கீபோர்டு முதுகில் இருக்கிற 'அவுட்' கீபோர்டின் வாசல். ஒயரில் இருக்கிற 'இன்' கம்ப்யூட்டரின் வாசல். இதிலிருந்து வெளியே வருவது அதற்குள்ளே போக வேண்டும். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

"கத்தி கொண்டா," என்றேன்.

"எதுக்கு?"

"பார்சலைப் பிரிக்கணும்."

மூன்று சுற்று டேப்பையும் அறுக்கிற நேரம் முழுவதும் அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப காலைலேருந்து வாயோட வாயையும், காதோட காதையும் கட்டி வச்சிருக்கீங்க. எப்படிப் பேசும்?"

"தப்புதான்."

"அதுவும் டேப் போட்டு."

வாலை மாற்றிச் செருகினேன். "ஒரு கட்டையை அமுக்கு" என்றேன். அமுக்கினாள். பெட்டியின் விளக்கு ஒரு முறை கண்ணடித்தது. "இன்னொண்ணு." மறுபடி கண்ணடித்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவள் மேலே அமுக்க அமுக்க, கீழே நான் விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து, கரகரப்பே இல்லாமல், கழுவி வைத்த மாதிரி ஒரு பியானோ கேட்டது.

ஆனால் கஷ்டம் முடியவில்லை. அவள் அமுக்கிய பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் கம்ப்யூட்டரில் சத்தம் வந்தது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரோ மெதுவாக எழுந்து வந்து திறக்கிற மாதிரி. கூடவே கீபோர்டு வேறு ஒரு பக்கம் கரகரத்தது. முன்னால் போகிற சத்தத்தைப் பிடிப்பதா, பின்னால் வருகிற சத்தத்துக்குக் காத்திருப்பதா என்று அவள் தடுமாறினாள். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நின்றது. மணி இரண்டரை தாண்டிவிட்டது. அவள் கண் பக்கெட் இருக்கும் பக்கம் போவதைப் பார்த்தேன்.

"குட்டி என்ன சொன்னா? விரல் மட்டும்தான் போகும்னுதானே சொன்னா?" என்றேன். "அப்புறம் சத்தம் எதுக்கு? ரெண்டையும் மூடிட்டு வாசி."

"சத்தமே இல்லாம வாசிக்கச் சொல்றீங்களா?"

"பிள்ளைங்க தூங்கினப்புறம் சத்தத்தை மூடிட்டு வாசிச்சுப் பழகினவதானே நீ?"

அவள் கீபோர்டின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். நான் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரை அணைத்தேன். சிவப்பு வட்டத்தை அமுக்கினேன்.

அவள் வாசித்தாள். பிளாஸ்டிக் கட்டைகள் இறங்குகிற டொக் டொக் மட்டும் கேட்டது, அவள் மூச்சு கேட்டது. இருபத்தாறு வருடமாக அந்தக் கை பரிமாறித்தான் சாப்பிடுகிறேன், அதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இல்லை. சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல் முட்டிகள். இடது கை சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தூக்கியே இருந்தது, தனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்பது போல. சத்தம் இல்லாமலே பாட்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் தோள் சொன்னது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒன்றன் பின் ஒன்றாக விழுந்துகொண்டே போனது.

பாதியில் எனக்கு இருமல் வந்தது. அடக்கப் போனேன், பிறகு எதற்கு என்று தோன்றியது. ஆசை தீர இருமினேன். அவள் நிறுத்தாமல், திரும்பாமல், சிரித்தாள்.

முடிந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டோம். கரகரப்பு இல்லை, பக்கத்து வீட்டு ஓட்டை இல்லை, இருமல் இல்லை. தூங்குற பாட்டு மட்டும் இருந்தது.

"இவ்வளவு நல்லாவா வாசிக்கிறேன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். நான் பாதியில தூங்கிட்டேன்," என்றேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

மூன்றரைக்கு மகள் போனில் வந்தாள். அவளுக்கு அனுப்பி வைத்தோம். கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"அம்மா, சூப்பர். ஆனா ரெண்டு இடத்துல தாளம் நிக்குது. ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா எல்லாம் வரிசையா நின்னுடும். நான் சொல்றேன், அப்பாவை அமுக்கச் சொல்லுங்க."

அமுக்கினேன். முன்னே பின்னே கிடந்த கட்டங்கள் எல்லாம் படக்கென்று கோட்டுக்குக் கோடு ஒட்டி நின்றன. நல்ல ஆள் அடுக்கிய பெட்டிகள் மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது. போட்டுக் கேட்டோம். எங்கும் இடறவில்லை, எங்கும் நிற்கவில்லை.

என் மனைவி மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன்.

"புரண்டு படுக்கிற இடம் போயிடுச்சே," என்றாள்.

அந்தக் கீபோர்டில் நடுவில் ஒரு கறுப்புக் கட்டை சிக்கும். என்றைக்கோ ஒரு பிள்ளை அதில் ஜூஸ் கொட்டியிருக்கிறது. இறங்கினால் ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆகும். பாட்டில் அந்தக் கட்டையை அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்க வேண்டிய இடம் இரண்டு உண்டு. முதல் முறை அமுக்கிவிட்டு அது ஏறி வரும்வரை இவள் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில்தான் ஹாலில் இருக்கிற பிள்ளைகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் புரண்டு படுக்குமாம். "எல்லாம் ஒண்ணா புரளும்," என்றாள். "அதுக்கப்புறம் எழுந்திரிக்காது."

"அம்மா, கேக்கிறது பிள்ளைங்க இல்ல," என்றாள் மகள். "மத்தவங்க எல்லாரும் சுத்தமா அனுப்பியிருப்பாங்க. இதை மட்டும் தப்புன்னு நினைச்சிடப் போறாங்க."

எனக்கும் அதே பயம்தான். "காலைலேருந்து பட்ட பாட்டுக்கு வரிசையா இருக்கிறதையே அனுப்பிடலாமே," என்றேன். "வேலை கிடைச்சப்புறம் உன் இஷ்டத்துக்கு நின்னுக்கோ."

மணி நான்கே கால். அவள் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். பக்கெட்டைத் தொடவில்லை.

"பேரு தெரியாமதானே கேக்கப் போறாங்க. என்னோடதுன்னு சொல்ல அதுல வேற என்ன இருக்கு?" என்றாள். "இதை யார் வேணா வாசிச்சிருக்கலாம். பழையபடி ஆக்குங்க."

மகள் போனில் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. எந்தப் பட்டன் என்று சொன்னாள். அமுக்கினேன். கட்டங்கள் எல்லாம் முன்னே பின்னே நகர்ந்து பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தன. நான்கு நாற்பதுக்கு அனுப்பினோம். பதிலுக்கு ஒரு நம்பர் வந்தது. ஏழு.

திங்கள், செவ்வாய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுத் தரை பளபளத்தது. வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் போனோடு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டி என்னை அசையாதே என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஏழாம் நம்பர்தானே பேசறீங்க?" என்றது ஓர் அம்மாள் குரல், பாட்டைக் கேட்ட மூன்று பேரில் ஒருவர். "ஒண்ணு கேக்கணும். ரெண்டு இடத்துல நிறுத்தறீங்க, ரெண்டும் ஒரே அளவு. தெரிஞ்சேதான் நிறுத்தறீங்களா?"

"ஆமாங்கம்மா. அங்கதான் பிள்ளைங்க புரண்டு படுக்கும்."



"இதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு வாசிச்சிருக்கீங்களா? எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தேன்.

"இதே காப்பகத்துலதாங்கம்மா. அங்க தரை துடைக்கிறேன்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அந்தக் காத்திருப்பு அவள் கறுப்புக் கட்டைக்குக் காத்திருப்பதை விட நீளமாக இருந்தது.

"ஒண்ணாம் தேதியிலேருந்து மதியம் வந்து உக்காருங்க," என்றது குரல். "துடைக்கிறதுக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிடறோம். கீபோர்டு புதுசு வாங்கியாச்சு."

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். முகத்தில் சந்தோஷம் வரப் போகிறது என்று பார்த்தால் கவலை வந்தது.

"புதுசாம்ங்க. அதுல அந்தக் கட்டை சிக்காதே. நான் எப்படி நிப்பேன்?"

"கட்டை சிக்கலைன்னா என்ன," என்றேன். "நீ சிக்கிக்க."

ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு போய் பக்கெட்டில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். சொன்னால் கேட்க மாட்டாள் என்று தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன்.